செடிகள் எல்லாம் சௌக்கியம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் செடிகளுக்கு இடமாற்றம் நடக்கும். பால்கனிக் கம்பியோரம் இருப்பவை எல்லாம் ஹாலுக்கு வரும். அவற்றுக்காக சோபா ஒரு முழம் நகரும், டீப்பாய் படுக்கையறைக்குப் போகும், என் கணவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். பெங்களூர் விவேக் நகரில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. அதில் இருபத்தாறு தொட்டிகள். பிள்ளை இல்லாத வீடு என்பதால், வருகிற சொந்தக்காரர்கள் செடிகளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காபியை ஆற்றிக் கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுவேன்.

வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் செடியைக் கொல்கிறார்கள். அதுவும் பாசத்தால் கொல்கிறார்கள். இந்த ஊர் மார்கழியில் காலை எட்டு மணி வரை தரை ஜில்லென்று இருக்கும், காற்று வறண்டு உதடு வெடிக்கும். நமக்கே இப்படி என்றால் செடிக்கு எவ்வளவு தாகமாக இருக்கும் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றுவோம். செடியோ அப்போது அரைத்தூக்கத்தில் இருக்கிறது. தூங்குகிற குழந்தையின் வாயில் சோற்றைத் திணிப்பது போலத்தான் அது. மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். உரம் கூடாது. இலைத் தூசியை ஈரத்துணியால் துடைக்கலாம், காலை பத்து மணி வெயில் விழுகிற ஜன்னலுக்குப் பக்கம் நகர்த்தலாம். மற்றபடி சும்மா இருக்க வேண்டும். எனக்கு வாழ்க்கையில் வேறெந்த விஷயத்திலும் சும்மா இருக்க வராது. செடிகளிடம் மட்டும் வந்தது.

போன வருடம் மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வேலூரில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அம்மா என் தம்பியோடு இருக்கிறாள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு காட்பாடி ரயிலுக்குக் கிளம்பினேன். கிளம்புகிற அவசரத்திலும் ஒரு முழுத்தாளில் செடிகளுக்கான விதிகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பெரணிக்கு வாரம் இரண்டு தடவை, ஒரு டம்ளர். பீஸ் லில்லிக்கு வாரம் ஒரு தடவை. ஸ்னேக் பிளான்ட் பக்கமே போக வேண்டாம், அது ஒரு மாதம் பட்டினி கிடக்கும். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில், "சந்தேகமா இருந்தா ஊத்தாதீங்க" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

என் கணவர் இதே ஊரில் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம், பேச்சில் கன்னடம் கலந்து வரும். அப்பா கர்நாடக அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதாமல் கீழே போட மாட்டார்கள். இவருக்குக் கோபமே வராது. அதனாலேயே எனக்கு இரண்டு பங்கு வரும். ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளை ஒரு தடவை படித்தார்.

"இதுல என்ன கஷ்டம்? ஸ்வல்பம் தண்ணி, ஸ்வல்பம் வெயில். தினமும் வீடியோல காட்டறேன். நீ நிம்மதியா போ" என்றார்.

முதல் பத்து நாள் சொன்னபடியே செய்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால் வரும். ஒவ்வொரு தொட்டியாகக் காட்டுவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நான் என் செடிகளைப் பார்ப்பேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ஆனால் வலி, தூக்கமில்லாமை, பெட்பேன், பக்கத்துக் கட்டில் சண்டை என்று நாள் முழுக்க ஓட்டம். அந்தக் கால் மணி நேரம்தான் நான் மூச்சு விடுகிற நேரம்.

பதினோராவது நாள் காலையில் குடியாத்தத்தில் பெரியம்மா செத்துப்போனாள். அம்மாவின் ஒரே அக்கா. தூக்கத்திலேயே போய்விட்டாள். முந்தின நாள் வரைக்கும் திடமாக நடமாடியவள். தம்பி வராந்தாவுக்கு என்னைக் கூட்டிப்போய்ச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவும் பெரியம்மாவும் செல்போன் வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் பேசிக்கொள்பவர்கள். என்ன குழம்பு வைத்தாய் என்பதிலிருந்து எந்த மருமகள் எப்படி முறைத்தாள் என்பது வரைக்கும் பேசுவார்கள். அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம் என்று முடிவானது. யார் முடிவெடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சித்தப்பா சொன்னார், பெரியம்மா மகன் சொன்னார், தம்பி தலையாட்டினான். "அதிர்ச்சியத் தாங்க மாட்டாங்கக்கா. டாக்டர் சொல்லிட்டாரு. எழுந்து நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். உடம்பு சரியில்லாதவர்களிடம் சாவைச் சொல்ல மாட்டோம். இறந்தவருக்கு உடம்பு சீரியஸ் என்போம், ஊருக்குப் போயிருக்கிறார் என்போம். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி ஆபீஸில் ஆடிட் என்று சொல்லிவிட்டு அடக்கத்துக்குப் போனான். நான் அம்மாவோடு இருந்தேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "அக்கா ஏன்டி போன் பண்ணல?"

"அவங்க போன் தண்ணித் தொட்டியில விழுந்துடுச்சாம்மா. ரிப்பேருக்குக் குடுத்திருக்காங்க."

அன்று ஆரம்பித்தேன். போன் ரிப்பேரிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. வந்ததும் பெரியம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பெரியம்மாவின் மருமகள் மூலமாகத் தினமும் செய்தி வந்தது. எல்லாச் செய்தியும் என் மண்டைக்குள்ளிருந்து வந்தது. இன்றைக்கு ரசம் சாதம் சாப்பிட்டாங்களாம். நீ வாக்கர் பிடிச்சு எத்தனை அடி நடந்தேன்னு கேட்டாங்களாம். "இடுப்பெலும்புதானே உடைஞ்சது, வாய் நல்லாத்தானே இருக்கு அவளுக்கு?" என்று சொல்லிச் சிரித்தாங்களாம். இதைக் கேட்டு அம்மா சிரித்துச் சிரித்து, தையல் இழுத்து, "அய்யோ வலிக்குதுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதே வாரத்தில்தான் என் கணவரின் வீடியோ கால் நின்றது. ஆபீஸில் வேலை ஜாஸ்தி, தினமும் காலையில் போட்டோ அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். ஒரு நாள் பெரணி, ஒரு நாள் ரப்பர் செடி, ஒரு நாள் ஆந்தூரியம். கூடவே ஒரு வரி: "செடிகள் எல்லாம் சௌக்கியம்." ஒரு நாள் போன் செய்து, "பெரணி புதுசா ரெண்டு இலை விட்டிருக்கு, தெரியுமா?" என்றார். மார்கழிக் குளிரில் புது இலையா என்று ஒரு நொடி தோன்றியது. மனிதருக்குக் கைராசி போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, பொங்கலும் போய், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகக் கழிவறைக்குப் போகிற அளவுக்குத் தேறிய பிறகு நான் பெங்களூருக்குத் திரும்பினேன். ஐந்து வாரம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்ததும் ஹால் பெரிதாகத் தெரிந்தது. சோபா பழைய இடத்துக்குப் போயிருந்தது, டீப்பாய் திரும்பி வந்திருந்தது. ஜன்னலோரம் நான்கே நான்கு தொட்டிகள். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மத்ததெல்லாம் எங்கே?"

"முதல்ல கை கால் கழுவிட்டு வா. காபி போட்டு வச்சிருக்கேன்."

"எங்கேன்னு கேட்டேன்."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற மெஷினும் துடைப்பமும் இருக்கிற யூட்டிலிட்டிக்குப் போனேன். இருபத்திரண்டு தொட்டிகளும் அங்கே மூன்று வரிசையாக நின்றன. பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தியது போல நின்றன. பெரணி இருந்த இடத்தில் பழுப்பு நிற முடிக்கற்றை மாதிரி ஏதோ இருந்தது. பீஸ் லில்லி தொட்டி விளிம்பில் மடிந்து கிடந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஸ்னேக் பிளான்ட் மட்டும் நேராக நின்றது. அப்பாடா என்று அதன் இலையைத் தொட்டேன். அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழவென்று அழுகியிருந்தது. அழுகின வெங்காய வாசனை. எனக்குக் கையை உதறக்கூடத் தோன்றவில்லை. இரண்டு வருடம் மறந்துபோனாலும் சாகாத செடி அது. அதைக் கொல்ல வேண்டுமென்றால் உட்கார்ந்து திட்டம் போட்டால்தான் முடியும்.

"என்ன செஞ்சீங்க?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தண்ணிதான் ஊத்தினேன்."

"எந்தத் தண்ணி?"

"ஃபில்டர் தண்ணி. கீழ போகுதே, அது. தினமும் ரெண்டு பக்கெட் வீணாப் போகுது. அந்தக் கோடையில நாம பட்ட பாடு மறந்துபோச்சா? சும்னே சாக்கடைக்குப் போறதுக்கு செடியாவது குடிக்கட்டும்னு."

இந்த ஊரில் போர்வெல் வற்றி, டேங்கர் லாரி வருகிற சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டு கிடந்த கோடையை யாரும் மறக்கவில்லை. அதிலிருந்து எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் குடிநீர் ஃபில்டரின் கழிவுக் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் இருக்கும். நல்ல தண்ணீரை ஒரு பக்கம் பிரித்துவிட்டு, உப்பையெல்லாம் மறு பக்கம் தள்ளுகிற குழாய் அது. அந்தத் தண்ணீரில் நான் வீடு துடைப்பேன், கழிவறைக்கு ஊற்றுவேன். செடிகளுக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுத்ததில்லை. அதைத் தாளில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கோ நிறைந்த பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீரே குடிக்காத மாதத்தில், உப்புத் தண்ணீரைத் தினமும், இருபத்தாறு தொட்டிக்கும் ஊற்றியிருக்கிறார். தப்பித்த நான்கும் மணி பிளான்ட்கள். சின்னஞ்சிறு தொட்டிகள் என்பதால் அவற்றுக்கு இவர் ஊற்றியது கொஞ்சம்தான்.

போனை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். பெரணிக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தெரிந்தது. மார்கழி ஒன்பது. ரப்பர் செடியைக் கொஞ்சம் தள்ளி எடுத்திருந்தார். அதிலும் காலண்டர் ஓரமாகத் தெரிந்தது. மார்கழி ஒன்பது. பொங்கலன்று வந்த படத்திலும் மார்கழி ஒன்பது.

"எப்போ செத்துச்சு இதெல்லாம்?"

"ரெண்டாவது வாரக் கடைசியிலேயே வாட ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் நல்ல வெயில்ல நெறைய போட்டோ எடுத்து வச்சிருந்தேன். நீ அங்க ஆஸ்பத்திரியில நிக்கற. பெரியம்மா வேற போயிட்டாங்க. அந்த நேரத்துல இதை எப்படிச் சொல்றது? வந்ததும் சொல்லிக்கலாம்னு..."

"அதுக்காகத் தினமும் பொய் சொல்வீங்களா? சௌக்கியம், சௌக்கியம்னு! புது இலை விட்டிருக்குன்னு வேற சொன்னீங்களே! செத்துப்போனதுக்கு எங்கேருந்துங்க இலை வரும்? நான் சின்னக் குழந்தையா? எனக்குத் தெரிய வேண்டாமா?"

கடைசி வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்ததும் அம்மா நினைவுக்கு வந்தாள். யூட்டிலிட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய், "வேற வாங்கிக்கலாம்மா, லால்பாக் பக்கத்து நர்சரிக்கு நாளைக்கே போலாம்" என்றார். அவர் செடியை இரண்டு இலைதான் விடவைத்தார். நான் செத்துப்போன ஒருத்தியை மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிடவைத்திருக்கிறேன், சிரிக்கவைத்திருக்கிறேன், கேலி பேசவைத்திருக்கிறேன். அதைக் கேட்டு அவள் தங்கை சிரித்தாள். என் செடி செத்ததை எனக்குச் சொல்லவில்லை என்று நான் இங்கே கூரை அதிரக் கத்துகிறேன். அம்மா அங்கே தொண்டை ஆறட்டும் என்று அக்காவின் போனுக்குக் காத்திருக்கிறாள்.

தம்பிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வரேன். அம்மாகிட்டச் சொல்லப்போறேன்."

"அக்கா, பைத்தியமா உனக்கு? இன்னும் ஒரு மாசம் போகட்டும். டாக்டர் என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு? நீ கேட்டியா?"

"நான் கேக்கல. சித்தப்பா கேட்டிருப்பாரு."

சித்தப்பாவிடம் கேட்டேன். நீதான் கூடவே இருந்தாயே, நீ கேட்டிருப்பாய் என்று நினைத்தேன் என்றார். டாக்டரிடம் யாருமே கேட்கவில்லை. அந்த மனிதர் எதையும் சொல்லவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. என் கணவர் காபியை மூன்றாவது தடவையாகச் சூடு பண்ணிக்கொண்டு வந்து வைத்தார்.

மறுநாள் காலை ரயிலில் ஏறி மதியத்துக்குள் வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நேத்துதானேடி போன?" என்று முகம் மலர்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கீரைத் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பெரியம்மா இறந்துட்டாங்கம்மா, நீ ஆஸ்பத்திரியில இருக்கும்போதே, தூக்கத்துலயே.

அம்மா என்னையே பார்த்தாள். நாங்கள் எல்லாரும் பயந்த எதுவும் நடக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, மயங்கவில்லை. கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"என்னிக்கு?"

"மார்கழி பத்து."

"காரியமெல்லாம்?"

"முடிஞ்சிடுச்சும்மா."

அம்மா சொன்னாள்: "பொங்கலன்னிக்கு எனக்குப் புதுப்புடவை கட்டிவுட்டியேடி. வாயில பொங்கல் வேற ஊட்டிவுட்ட. எங்கக்கா செத்து ஒரு மாசங்கூட ஆவல."

மாம்பழக் கலர் புடவை. நான்தான் கடைக்குப் போய் வாங்கினேன், நான்தான் கொசுவம் வைத்துக் கட்டினேன். நல்லா இருக்கும்மா என்று போட்டோ கூட எடுத்தேன். இதுவரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

"தலைக்கு ஊத்திக்கணும். என்னப் புடி" என்றாள் அம்மா.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும். எத்தனை நாள் கழித்து விழுந்தாலும் விழுந்த அன்றைக்கு முழுக வேண்டும். அம்மா விழுந்த அதே குளியலறைக்கு அவளை மெல்ல நடத்திக் கூட்டிப்போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். வெந்நீர் போடட்டுமா என்றதற்கு, இதுக்கெல்லாம் பச்சத்தண்ணிதான் என்றாள். முதல் சொம்பு தலையில் விழுந்தபோதுதான் அழுதாள். சத்தமில்லாமல், உடம்பு முழுக்கக் குலுங்கி அழுதாள். நான் நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஊற்றினேன்.

"நீ சொன்னதெல்லாம் பொய்யி. சரி. நெஜத்தச் சொல்லு. அவ சாவறதுக்கு முன்னாடி என்னப் பத்திக் கேட்டாளா?"

தெரியாதும்மா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தம்பிக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

"முந்தின நாள் சாயங்காலம் உன் போனுக்கு ரெண்டு தடவ அடிச்சாங்கம்மா. போன் என்கிட்டதான் இருந்துச்சு. நான் எடுக்கல. அந்த நேரம் வீடியோல செடியப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறமா பேசிக்கலாம்னு இருந்துட்டேன். மறுநாள் காலையில போன்லேருந்து அதையும் அழிச்சிட்டேன்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் அவள் முடியிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவயா?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஊத்து" என்றாள்.